ஈர நெல்லும் இளைஞர் தொழிலும்

சொந்தத் தொழில் தொடங்கும் ஆர்வம் நம் மாணவரிடையே இன்று பெருகியிருக்கிறது. 'ஸ்டார்ட்அப்' என்னும் சொல் சிற்றுண்டிச்சாலை மேசை வரை வந்துவிட்டது. மகிழ்ச்சியே! ஆனால் நம்மில் பலர் முதலில் ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதற்கேற்ற குறையுடையவரைத் தேடி அலைகிறோம். நானும் அலைந்தவன்தான்.

நெல் விலையைக் கைப்பேசியில் காட்டும் செயலி என் திட்டம். மன்னார்குடிப் பக்கம் உழவு செய்யும் சித்தப்பாவிடம் பெருமையோடு சொன்னேன். "வெலயத்தான் கவர்மெண்டே சொல்லிடுதேடா! நெல்ல எப்ப எடுப்பான்னு சொல்லுமா ஒஞ் செயலி?" என்று சிரித்தார்.

அவ்வாண்டு குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழைக் காலத்தில் அரசு தளர்த்துவதும் உண்டு. அதுவரை நெல் காத்திருக்குமா? சாலையோரக் குவியல் தார்ப்பாயின் கீழேயே முளைவிட்டது. சித்தி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

இத்துன்பம் புதிதன்று. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஆய்வு தொடங்கியதே ஈர நெல்லைக் காக்கத்தான். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன், உப்பையும் உமியையும் கொண்டே ஒரு வழி கண்டார். உழவன் வீட்டில் இல்லாத பொருளா இவை? அவ்வாய்வுக்கூடம் 1972இல் நெல் பதன ஆராய்ச்சி மையமாயிற்று. இன்று தஞ்சையில் தேசிய நிறுவனமாக நிற்கிறது. அதன் நீண்ட பெயரில் 'தொழில்முனைவு' என்ற சொல்லும் இருக்கிறது!

பிறகு நான் கொள்முதல் நிலைய வரிசையில் நின்றவர்களிடம் கேட்டேன்: வண்டி ஏற்றுமுன் ஊரிலேயே ஈரப்பதத்தை அளந்து சொன்னால் காசு தருவீர்களா? "நல்ல யோசனை" என்றார்கள் எல்லோரும். தருகிறேன் என்றவர் ஒருவருமில்லை. பாராட்டு வேறு, பணம் வேறு. எனவே, இப்போது எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்று மாற்றிக் கேட்டேன். தார்ப்பாய் வாடகை, நெல் கிளறும் ஆள் கூலி, இரவுக் காவல் என்று பட்டியல் நீண்டது. ஒரு பெரியவர் சொன்னார்: "ஈரம் எங் கைக்கே தெரியும் தம்பி. காயவச்சுக் குடு, மூட்டைக்கு இவ்வளவுன்னு இப்பவே பேசிக்கலாம்."

செயலியை விட்டுவிட்டேன். இயற்பியல் துறை நண்பர்கள் இருவரும் நானும், டிராக்டரில் இழுத்துச் செல்லும் உலர்த்தி அடுத்த குறுவைக்குள் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்து வருகிறோம்.