அறுபது வயதில் துப்பாக்கி லைசென்ஸ் கேட்கும் நம் மக்கள்

சமீபகாலமாக எங்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்கள் இளைஞர்கள் அல்ல. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஊரை விட்டு வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரே அறையில் நான்கு பேரோடு தங்கி, தேர்வெழுதி, அரசு வேலையில் சேர்ந்து, இன்று ரிட்டயர் ஆனவர்கள். சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார்கள். அங்கே வீடு கட்டிக் கடைசிக் காலத்தைக் கழிக்க நினைக்கிறார்கள். நிலம் சேரியில் இல்லை, ஊர்த்தெருவை ஒட்டி இருக்கிறது. அதனால் மிரட்டல் வருகிறது. "லைசென்ஸ் வாங்க வழி இருக்கா தம்பி?" என்று கேட்கிறார்கள். வாழ்நாளில் யார் மீதும் கை ஓங்காதவர்கள் இவர்கள்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. பதறுபவர்களும் உண்டு. இரண்டும் தேவையில்லை. சட்டமே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறது.

வன்கொடுமை தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது, அதற்கான விதிகள் 1995-இல் வந்தன. வன்கொடுமை நடக்கக்கூடும் என்று கருத இடமுள்ள பகுதிகளை மாநில அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும் என்கிறது விதி 3. அங்கே என்ன செய்ய வேண்டும் என்றும் வரிசையாகச் சொல்கிறது. மூன்றாவது உட்பிரிவு: தேவையென்றால் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களுக்கும் இது பொருந்தும். நான்காவது: சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். ஐந்தாவது: தேவையென்றால், உயிரையும் உடைமையையும் காக்கப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவர்களிடமிருந்து எடு, பிறகு இவர்களுக்குக் கொடு. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நிலவுடைமையாளர் கூட்டம் துப்பாக்கியோடுதான் வந்தது. சுட்டபோது ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் ஒதுங்கினார்கள். 44 பேர் எரிந்து போனார்கள். கிராமத்தில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது எப்போதுமே சாதிக் கேள்விதான்.

தலித்துக்குத் துப்பாக்கி புதிதல்ல. அரசுக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் நம் கையில் அது கொடுக்கப்பட்டிருக்கிறது. அம்பேத்கரின் தந்தை ராணுவத்தில் சுபேதார். 1941-இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. தியாகி இம்மானுவேல் சேகரனும் ராணுவத்தில் பணியாற்றியவர்தான். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். எல்லையில் நின்று சுடலாம், சொந்த வீட்டு வாசலைக் காக்கக் கேட்டால் மட்டும் "உங்களுக்கு எதற்கு?" என்பார்கள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, விண்ணப்பம் கிடைத்ததும் உரிமம் வழங்கும் அதிகாரி அந்தப் பகுதிக் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்பார். மிரட்டல் புகாருக்கு எஃப்.ஐ.ஆர் போட மறுத்த அதே ஸ்டேஷன், இவருக்கு மிரட்டல் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பும். அமெரிக்காவில் இதே கதை நடந்திருக்கிறது. 1956-இல் மாண்ட்கோமரியில் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு, மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். முடிவு வெள்ளை அதிகாரிகளின் கையில் இருந்தது.

சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் உண்டா? இங்கேதான் நாங்கள் நம் பெரியவர்களிடம் ஒளிக்காமல் பேச வேண்டியிருக்கிறது. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருந்தவர். நாடாளுமன்றத் தேர்தலுக்காக ஒப்படைத்த அந்தத் துப்பாக்கியை 2024 ஜூன் மாதமே அவர் திரும்பப் பெற்றுவிட்டார் என்று போலீஸ் தரப்பே சொன்னது. ஜூலை 5 அன்று பெரம்பூரில், கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டின் அருகே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். திட்டம் போட்டுக் கூட்டமாக வருகிறவர்களுக்கு எதிரே ஒரு துப்பாக்கி எவ்வளவு நேரம் தாங்கும்?

சீருடையில் வருகிறவர்களுக்கு எதிரே அதுவும் கிடையாது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை மெரினாவிலிருந்து கலைத்த 2017 ஜனவரி 23 அன்று, திருவல்லிக்கேணிக்குப் பக்கத்திலேயே நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தது. எரித்தது போலீஸ்தான் என்று அங்கிருந்த பெண்கள் கேமரா முன்னால் சொன்னார்கள். அன்று யார் வீட்டில் லைசென்ஸ் இருந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. தற்காப்புக்குச் சுட்டாலும் சுட்டவர் தலித் என்றால் முதல் எஃப்.ஐ.ஆர் அவர் மீதுதான் விழும். அடி வாங்கிவிட்டுப் புகார் கொடுக்கப் போனாலே எதிர் வழக்கு போடுகிற நாடு இது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் தோட்டாவை எங்கே பூட்டி வைப்பது என்ற கவலை தனி.

அப்படியானால் கேட்க வேண்டாமா? கேளுங்கள் என்றே நாங்கள் சொல்கிறோம். துப்பாக்கியை நம்பி அல்ல, அந்த விண்ணப்பத்தை நம்பி. சொத்து போதவில்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது ஆயுதச் சட்டத்தின் பிரிவு 14. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிரிவு 18-இன் கீழ் மேல்முறையீடு உண்டு. சென்னையில் போலீஸ் கமிஷனரும், மாவட்டத்தில் கலெக்டரும் பதில் எழுதியாக வேண்டும். "இவருக்கு ஆபத்து இல்லை" என்று கையெழுத்துப் போட்டால், நாளை ஏதாவது நடந்தால் அந்தக் காகிதம் அவர்களுக்கு எதிரான சாட்சி. "ஆபத்து உண்டு" என்று எழுதினால், அந்தப் பகுதியை ஏன் விதி 3-இன் கீழ் அடையாளம் காணவில்லை என்று கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டு, வாய்மொழியாக மறுப்பு வாங்கிக்கொண்டு மட்டும் திரும்பி வராதீர்கள்.

ஆனால் விண்ணப்பத்தை ஐந்தாவது உட்பிரிவோடு நிறுத்தாதீர்கள். மூன்றாவதையும் சேர்த்து எழுதுங்கள். மிரட்டுகிறவர் வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் அது ஏன் இன்னும் அவர் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். எத்தனை உரிமங்கள் ரத்தாயின, எத்தனை வழங்கப்பட்டன என்ற இரண்டு எண்களையும் அந்தக் கூட்டங்களில் வைக்கச் சொல்லி மனுக் கொடுப்போம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்போம்.

ரிட்டயர் ஆன ஒருவர் தன் சேமிப்பை எடுத்துத் துப்பாக்கி வாங்க நினைக்கிறார் என்றால், அவருக்கு ஆயுத ஆசை வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. தான் வாங்கிய மண்ணில் பயமில்லாமல் தூங்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். அதைத் தர வேண்டிய கடமை அரசுடையது. அந்தக் கடமையை அவருடைய இடுப்பில் செருகிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள நாம் விடக் கூடாது.

ஜெய்பீம்.