சந்துக்கு என்ன வர்ணம்?

சந்து என்றதும் நேயர்கள் தங்கள் வீட்டுப் பக்கத்திலுள்ள சந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதைச் சீர்படுத்துவது நகராட்சியாரின் பொறுப்பு, அவர்கள் பாடு. நாம் சொல்வது இரண்டு டைல்களுக்கு நடுவிலும், சுவரும் தளமும் கூடும் மூலையிலும், கைகழுவும் தொட்டியின் விளிம்பிலும் இருக்கும் மெல்லிய இடைவெளியை. வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பஸ்தர் டைல் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறார். குழாய்க்கு இரண்டு கடை. இந்தச் சந்தை அடைக்கும் பொருளின் வர்ணத்தை மட்டும் கடைசி நாளன்று, சாந்துச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மேஸ்திரிதான் கேட்கிறார். "ஏதாவது போடுங்கள்" என்று பதில் வருகிறது. அந்த "ஏதாவது" பெரும்பாலும் வெள்ளையாக முடிகிறது.

நாமும் அப்படித்தான் பதில் சொன்னோம். அதற்கு அபராதம் செலுத்தியவர் நம் தாயார்.

இரண்டு வருஷங்களுக்கு முன் கோடை விடுமுறையில் வீட்டு ஸ்நான அறையைப் புதுப்பித்தோம். வெள்ளை டைல், டைல்களுக்கு இடையே வெள்ளைச் சிமெண்டு, மூலைகளில் வெள்ளைச் சிலிகான். குளிக்கும் பகுதியிலிருந்து தண்ணீர் வெளியே வராதிருக்க 3 அங்குல உயரத்தில் ஒரு தடுப்பு, அதுவும் வெள்ளை. வேலை முடிந்த அன்று அறை மல்லிகைப் பூவைப் போல் இருந்தது. பார்க்க வந்த அண்டை வீட்டாரெல்லாம் பிரமாதம் என்றார்கள். எட்டாம் நாள் காலையில், 78 வயதான தாயார் அந்தத் தடுப்பில் கால் இடறி விழுந்தார். தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார்.

"ஏம்மா, அங்கே தடுப்பு இருக்கிறது தெரியாதா?" என்று நாம் சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டோம்.

"இருக்குன்னு தெரியும்டா. எங்கே இருக்குன்னுதான் தெரியலை. எல்லாம் பால் கொட்டின மாதிரி இருக்கே!" என்றார்.

இருபது வருஷமாகக் கரும்பலகையில் வெள்ளைச் சாக்குக்கட்டியால் எழுதி ஜீவனம் நடத்துகிற நமக்கு இந்தப் பதில் மிகுந்த வெட்கத்தை உண்டாக்கிற்று. வெள்ளைப் பலகையில் வெள்ளைக் கட்டியால் எழுதிவிட்டு, "ஏன் படிக்கவில்லை?" என்று பையனை அடிப்பதற்கும் நாம் செய்ததற்கும் அதிக வித்தியாசமில்லை.

வயது ஏற ஏறக் கண்ணிலுள்ள லென்ஸ் பழுப்படைகிறது. புரை படர்ந்தாலோ, அருகருகே உள்ள இரண்டு சாயல்களைப் பிரித்தறியும் சக்தியே குறைந்துவிடுகிறது. நீலமும் ஊதாவும் முதலில் மங்குகின்றன. ஆகையால் முதியோருக்கு உதவுவது சிவப்பா, பச்சையா என்ற வேற்றுமை அல்ல. வெளிறலா, கருமையா என்ற வேற்றுமைதான். இதைச் சோதிக்கச் சுலபமான உபாயம் ஒன்று உண்டு. கைபேசியில் அவ்விடத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். படத்தில் விளிம்பு தெரியாவிட்டால், பாட்டியின் கண்ணுக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு எல்லாச் சந்துகளிலும் கறுப்பை அப்பிவிட வேண்டாம். பார்வை மங்கியவர்களுக்குத் தரையின் குறுக்கே ஓடும் கரும்பட்டை பள்ளம் போலவோ படி போலவோ தோன்றக் கூடும். சமதளத்தில் காலைத் தூக்கி வைத்துத் தடுமாறுவார்கள். உயரம் மாறுமிடத்தில் மட்டும் வர்ணம் கூவட்டும். மற்ற இடங்களில் வாய் மூடி இருக்கட்டும். இதுதான் நாம் கற்றுக்கொண்டது.

திருத்தும் வேலையில் இறங்கியபோதுதான் இந்த விஷயத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது விளங்கிற்று. டைல்களின் நடுவே இடுவது சிமெண்டுக் கலவை; கொத்தனார்கள் கிரவுட் என்பார்கள். அது இறுகிக் கல்லாகிவிடும். சுவரும் தளமும் கூடுகிற மூலை வெயிலுக்கும் ஈரத்துக்கும் சிறிது அசைந்துகொண்டே இருப்பதால் அங்கே கல் போன்ற கலவை வெடித்துவிடும். ரப்பரைப் போல் நெகிழும் சிலிகானே ஏற்றது. கலவைக்கு வர்ணங்கள் எத்தனையோ உண்டு. சிலிகானோ கடைகளில் வெள்ளை, கறுப்பு, சாம்பல், கண்ணாடி போன்ற நிறமற்றது என்று விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதன்மேல் பிறகு பெயிண்ட் அடித்துச் சரிசெய்து கொள்ளலாம் என்றால், பெயிண்ட் அதில் ஒட்டாது. ஆகவே முதலில் சிலிகானின் வர்ணத்தைத் தீர்மானித்துக்கொண்டு, அதற்கு இணங்கக் கலவையின் வர்ணத்தைத் தேடுவதே புத்திசாலித்தனம். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம்.

நிறமற்றதை வாங்கினால் தொல்லையில்லை என்று கடைக்காரர் சொல்வார். புது மோஸ்தரில் அழகாகத்தான் இருக்கும். நாளடைவில் அதற்குப் பின்னால் சேரும் அழுக்கும் பூஞ்சையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாற்போல் காட்சியளிக்கும்.

கடையில் காட்டும் வர்ண அட்டையையும் நம்பக்கூடாது. பாரிஸில் கோப்லான் என்னும் பிரசித்தி பெற்ற சித்திரத் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஷெவ்ரேல் என்ற ரசாயன சாஸ்திரி. அங்கே நெய்த சீலைகளில் கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்று புகார் எழுந்தது. ஆராய்ந்து பார்த்ததில் குற்றம் சாயத்தில் இல்லை. பக்கத்திலிருந்த வர்ணங்களே கறுப்பை மங்கச் செய்தன. இதை விளக்கி 1839-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். வெள்ளை டைலுக்கு நடுவில் கருத்துத் தோன்றும் அதே சாம்பல், கருங்கல்லுக்குப் பக்கத்தில் வெளிறித் தோன்றும். ஆகவே அட்டையைப் பார்த்துத் தலையசைக்காமல், மீந்த டைல் துண்டுகள் இரண்டைப் பலகையில் ஒட்டி, நடுவில் கலவையை இட்டு, காயவிட்டு, அந்த அறையிலேயே பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்க்க வேண்டும். காயவிட்டு என்பது முக்கியம். ஈரத்தில் கறுத்திருக்கும் கலவை காய்ந்தால் வெளுக்கும். தண்ணீர் அதிகமாய் விட்டுக் குழைத்தால் திட்டுத் திட்டாகவும் வெளுக்கும்.

நம் மேஸ்திரி பலகையைப் பார்த்துச் சிரித்தார். "வாத்தியாரய்யா, சந்துக்குமா பரீட்சை?" என்றார். ஆனால் மூன்று சாயல்களில் ஒன்றை அவரே மறுநாள் தள்ளிவிட்டார்.

அடுத்தபடி நீர். நம் வீட்டுக்கு ஆழ்குழாய்க் கிணற்று நீர். உப்பும் உண்டு, இரும்பும் உண்டு. உப்பு கரும் சந்தில் வெள்ளையாய்ப் பூக்கும். இரும்பு வெள்ளைச் சந்தைத் துருவாக்கும். சீயக்காய்த் தூளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பட்டணத்தில் மாமா வீட்டுக் குளியலறையில் என்ன வர்ணம் அழகாயிருந்தது என்பது நமக்குப் பிரயோஜனமில்லை. மாமா வீட்டுத் தண்ணீர் வேறு. இரண்டு குற்றங்களையும் ஓரளவு மறைக்கக்கூடியது சற்றுப் பழுப்புக் கலந்த இளஞ்சாம்பல். தளத்துக்கும் சுவருக்கும் அதையே இட்டோம். மூலைகளில் சாம்பல் சிலிகான். (சமையலறை மேடைக்குப் பின்னால் மஞ்சளும் எண்ணெயும் தெறிக்குமிடத்தில் எபாக்ஸி கலவை போட்டால் கறை உள்ளே இறங்காது, விலைதான் அதிகம். வெயில் படுமிடத்தில் அதன் வெளிர் வர்ணங்கள் மஞ்சளிக்கும்.)

தடுப்பின் கதை தனி. வெறும் சந்துக்கோடு 3 மில்லிமீட்டர் அகலந்தான். அதைக் கறுப்பாக்கினாலும் தாயாரின் கண்ணுக்கு எட்டாது. எனவே தடுப்பின் மேல் முழு நீளத்துக்கும் கரும் கிரானைட் பட்டை ஒன்று பதித்தோம். வழுக்காதிருக்கும்படி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கச் சொன்னோம். அந்தக் கல்லும் வெள்ளை டைலும் சேருமிடத்தில் வெள்ளைச் சிலிகான் இட்டால் பட்டை குறுகித் தோன்றும், கறுப்பை இட்டால் அகன்று தோன்றும் என்பதால் கறுப்பு. அதிலும் ஒரு ஜாக்கிரதை. உலரும்போது காடி வாசனை வீசுகிற சிலிகானில் அமிலம் இருக்கிறது. பளிங்கையும் சிமெண்டையும் பித்தளையையும் அது அரிக்கும். கல்லுக்கு அவ்வாசனையற்ற, கறைபடுத்தாத தினுசைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய சிலிகானின் மேலேயே புதியதை இழுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அது பிடிக்காது, உரிந்து வந்துவிடும். பிளேடால் கீறி முழுவதையும் எடுக்க ஒன்றரை நாள் பிடித்தது. சந்துக் கலவையைச் சுரண்டியதில் ஐந்து டைல்கள் விளிம்பு உடைந்தன. புதிதாக இட்டபின் 24 மணி நேரம் தண்ணீர் படாமல் காத்தோம். முதலிலேயே ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கியிருந்தால் இந்தச் செலவும் இல்லை, தாயாருக்கு அந்த வேதனையும் இல்லை.

வீட்டிலிருந்த ஆசிட் புட்டியையும் அன்றே அப்புறப்படுத்தினோம். அதை ஊற்றிக் கழுவினால் டைல் பளபளக்கும், சந்திலுள்ள சிமெண்டோ கரைந்து வர்ணத்தையும் இழக்கும். மீந்த தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அதன் வர்ண எண்ணை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி வைத்திருக்கிறோம்.

கரும்பட்டையில் வாரந்தோறும் உப்புப் பூக்கத்தான் செய்கிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் முடிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தாயாரே அதை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார். வேறு யார் துடைத்தாலும் அவருக்குத் திருப்தியில்லை.