சவலைக் குஞ்சும் ஒரு சொட்டு மருந்தும்

12 முட்டை அடை வைத்து, 21ஆம் நாள் 10 குஞ்சு பொரித்திருக்கும். மீதி இரண்டும் கூமுட்டை. பொரித்த பத்தில் ஒன்பது தாய்க்கோழியின் பின்னால் கீச்சிட்டுக்கொண்டு ஓடும். ஒன்று மட்டும் கூடையின் மூலையில் கண்ணை மூடி, இறக்கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். கோழி வளர்க்கிற வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அந்த ஒரு குஞ்சை என்ன செய்வது?

"போனால் போகட்டும், விட்டுத்தள்ளு" என்பது கணக்குப் பார்ப்பவர்கள் சொல்லும் பதில். பெரிய பண்ணையில் இது சரிதான். ஆயிரக்கணக்கில் குஞ்சு இறக்குகிற இடத்தில் ஒன்றுக்காக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் கூலிகூடக் கட்டுப்படியாகாது. ஆனால் வீட்டுக் கொல்லையின் கணக்கு வேறு. அங்கே ஒரு குஞ்சு என்பது மொத்தத்தில் பத்து சதவீதம்! அது பெட்டையாக வளர்ந்தால் வருஷத்துக்கு 60, 70 முட்டை இடும். சேவலாக வளர்ந்தால் தீபாவளிக்கு நல்ல விலை போகும். பல கிராமங்களில் கோழிக் காசு என்பது பெண்களின் சிறுவாட்டுக் காசு. யாரையும் கேட்காமல் எடுத்து நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்க முடிகிற காசு. அதனால் பாட்டிகள் சவலைக் குஞ்சைக் கையில் எடுப்பதை வெறும் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் கணக்கும் இருக்கிறது.

அவர்கள் செய்கிற வைத்தியமும் பெரும்பாலும் சரியானதே. முதலில் சூடு, பிறகுதான் தீனி. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் முட்டையின் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது. இரண்டு மூன்று நாளைக்கு அதுவே அதற்குச் சாப்பாடு. ஆனால் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். தாயின் இறக்கைக்கு அடியில் அது கிடைக்கும். அங்கே ஒண்ட முடியாத குஞ்சைப் பழந்துணி போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே 60 வாட்ஸ் குண்டு பல்பு தொங்கவிடுவது வழக்கம். இப்போது வீடுகளில் எல்.இ.டி. பல்புதான். வெளிச்சம் வரும், இந்த வேலைக்குப் போதுமான சூடு வராது. பல்பு எரிகிறதே என்று தூங்கப்போனால் காலையில் குஞ்சு விறைத்துக் கிடக்கும். குண்டு பல்பு கிடைக்காவிட்டால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஆற ஆற மாற்ற வேண்டும்.

சூடு ஏறிய பிறகு வெல்லம் கரைத்த தண்ணீர். வாயைப் பிளந்து ஊற்றுவதுதான் பலர் செய்யும் தப்பு. மூச்சுக்குழலில் இறங்கினால் குஞ்சு அங்கேயே முடிந்தது. மூக்கின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்தால் தானே குடித்துக்கொள்ளும். பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். கால் விரிந்து போன குஞ்சைச் செய்தித்தாள் மேல் விடக்கூடாது, வழுக்கும். சாக்கு விரித்துவிட்டால் கால் ஊன்றும். தேறிய குஞ்சைத் தாயிடம் சேர்ப்பது பொழுது சாய்ந்த பிறகுதான். பகலில் விட்டால் கொத்தித் துரத்தவும் கூடும்.

இத்தனை பொறுமை ஒரு குஞ்சுக்கு! சந்தோஷம். ஆனால் இதே வீட்டில் இன்னொரு காட்சியும் நடக்கிறது. கண்விழித்துக் காப்பாற்றிய குஞ்சு விடைக்கோழியாக வளர்ந்து நிற்கும்போது ஒரு நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்து திருகிக்கொள்ளும். ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலி.

வெள்ளைக்கழிச்சல். குமாவுன் மலையில் உள்ள ஊரின் பெயரால் ராணிகேத் நோய் என்றும், இங்கிலாந்தில் 1926ல் கண்டறிந்த ஊரின் பெயரால் நியூகாசில் நோய் என்றும் சொல்லப்படுவது இதுதான். வந்துவிட்டால் மருந்து கிடையாது. தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு ஏழு நாள் ஆகும்போது கண்ணிலோ மூக்கிலோ ஒரே ஒரு சொட்டு. மூன்று நாலு வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு. எட்டு வாரம் தாண்டினால் ஊசி. அவ்வளவுதான்.

பிறகு ஏன் போடுவதில்லை? "நாட்டுக்கோழிக்கு நோய் அண்டாது" என்ற நம்பிக்கை ஒரு காரணம். அது நம்பிக்கை மட்டுமே. இந்த நோய் நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்று பேதம் பார்ப்பதில்லை. இன்னொரு காரணம் நியாயமானது. மருந்து குப்பி பொதுவாக 100 கோழிக்கு, அல்லது அதற்கும் மேல் என்ற அளவில்தான் வருகிறது. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தொண்ணூறு சொட்டைக் கொட்ட வேண்டியதுதான். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் கோழிக்கழிச்சலுக்கு இலவச முகாம் நடத்துகிறது. நல்ல விஷயம். ஆனால் சித்திரையில் பொரித்த குஞ்சு அடுத்த மாசி வரை காத்திருக்குமா?

ஆக, தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாத கணக்கு இது. தெருவுக்குக் கட்டுப்படியாகும். பத்து வீடு பேசி வைத்து ஒரே வாரத்தில் அடை வைத்தால், ஒரே வாரத்தில் குஞ்சு பொரிக்கும். ஏழாம் நாள் ஒரு குப்பி வாங்கி, ஒரே காலைப் பொழுதில் நூறு குஞ்சுக்கும் சொட்டு விட்டுவிடலாம். சீட்டுப் பிடிக்கிற, மகளிர் குழு நடத்துகிற பெண்களுக்கு இது பெரிய காரியமே இல்லை. கூடவே இரண்டு கட்டுப்பாடு வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியாகக் கட்ட வேண்டும். நோய் கண்ட கோழியை அவசரமாக விற்றுக் காசாக்கக் கூடாது. அந்தக் காசு பக்கத்து ஊர்க்காரரின் பஞ்சாரத்திலிருந்து எடுத்த காசு.

இன்னும் ஒரு விஷயம். தடுப்பு மருந்தை ஆரோக்கியமான குஞ்சுக்குத்தான் போட வேண்டும். மூலையில் சுருண்டு கிடக்கிற சவலைக் குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு கிடைக்காது. தேறும் வரை சுற்றியுள்ள கோழிகளுக்கு நோய் வராமல் இருந்தால்தான் அதற்கும் பிழைப்பு. அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வெந்நீர் மாற்றிக்கொண்டு கண்விழிக்கிற பாட்டி, மறுநாள் நாலு வீட்டுக் கதவைத் தட்டிக் குப்பிக்கு ஆள் சேர்க்கவும் வேண்டும். அந்த ராத்திரி வீணாகாமல் இருக்க வேறு வழி இல்லை.