பூனைக்கு எய்ட்ஸ்னா நமக்கென்ன?

பூனைக்கு எய்ட்ஸ் மாதிரி ஒரு வியாதி வரும். ஆமாங்க, நிஜமாவே வரும். ஆனா அது மனுஷனுக்கு ஒட்டாது. இந்த ரெண்டு வரியோட பதிவை முடிச்சிருக்கலாம். முடிக்க விடாம பண்ணினது எங்க மன்னார்புரத்து அக்கம்பக்கம்.

தெருவுல ஒரு வீட்டுக் கடுவன் பூனைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததுல எஃப்.ஐ.வி. இருக்குன்னு வந்துடுச்சு. சாயங்காலத்துக்குள்ள அது "எய்ட்ஸ் பூனை" ஆயிடுச்சு. "புள்ளைங்க இருக்கற எடம் சார், சாக்குல கட்டி காந்தி மார்க்கெட் பக்கம் விட்டுடச் சொல்லுங்க"ன்னு ஒருத்தர். இன்னொருத்தர் அந்த வீட்டுல காபி குடிக்கறதையே நிறுத்திட்டார்!

எஃப்.ஐ.வி. எச்.ஐ.வி.க்கு தூரத்து சொந்தம். உடம்பைக் காவல் காக்குற டி செல்களைத்தான் இதுவும் அழிக்கும். ஆனா அது பூனைக்குள்ளதான். முக்கியமா ஆழமான கடியில பரவும். அதனாலதான் தெருச்சண்டை போடற கடுவன்களுக்கு அதிகம் வருது. வந்த பூனைங்க நிறைய பல வருஷம் நல்லாவே வாழும். நீங்க தடவிக் கொடுத்தாலும், உங்க மடியில தூங்கினாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

இதைக் கண்டுபிடிச்சது 1986ல. கலிஃபோர்னியாவுல பெடலூமாங்கற ஊர்ல நிறைய பூனை வளர்த்த ஒரு இடத்துல பூனைங்க வரிசையா நோஞ்சானாகிச் செத்தது. டேவிஸ் பல்கலைக்கழகத்து நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் அந்தப் பூனைங்க ரத்தத்துலேர்ந்து வைரஸைப் பிரிச்செடுத்தாங்க. அதே 1986லதான் நம்ம சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி நிர்மலாவும் இந்தியாவுல முதல்முதலா எச்.ஐ.வி.யைக் கண்டறிஞ்சாங்க. ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில சோதிச்சாங்க. அதுக்கப்புறம் நம்ம ஊர்ல நோயாளிங்க பட்ட பாடு உங்களுக்கே தெரியும். தனித் தட்டு, தனி டம்ளர், வீட்டை விட்டுத் துரத்தறது. தொட்டா ஒட்டாதுன்னு டாக்டருங்க தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினாங்க. இப்ப அதே பயம் வாலோட வந்து நிக்குது, அவ்வளவுதான்.

பூனைகிட்ட நாம பட்ட கடன் ஒண்ணு இருக்கு, அது பலருக்குத் தெரியாது. எஃப்.ஐ.வி. வந்த பூனைங்களுக்கு 1990ல பி.எம்.இ.ஏ.ன்னு ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க, வைரஸ் அடங்குச்சு. அதோட மாத்திரை வடிவம்தான் அடிஃபோவிர். சிறுநீரகத்தைப் பாதிச்சதால எச்.ஐ.வி.க்கு அனுமதி கிடைக்கல. ஆனா 2002ல ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குக் கிடைச்சது.

அடுத்தது கொரோனா. பூனைக்குன்னு தனியா ஒரு கொரோனா வைரஸ் ரொம்ப காலமா இருக்கு. சில பூனைங்களுக்குள்ள அது மாறி எஃப்.ஐ.பி.ங்கற ஆட்கொல்லி ஆயிடும். இங்க கொல்றதுல பாதி பூனையோட சொந்த எதிர்ப்பு சக்திதான். தடுப்பூசி போட்டுப் பார்த்த சில பழைய சோதனைகள்ல, போட்ட பூனைங்க போடாததை விட சீக்கிரம் செத்துப்போச்சு. கோவிட் தடுப்பூசி பண்ணினவங்க இந்த ஆபத்து நம்ம ஊசியில வந்துடக் கூடாதேன்னு கவனமா பார்த்தாங்க.

2019ல அதே பெடர்சன் குழு எஃப்.ஐ.பி. வந்த 31 பூனைகளுக்கு ஜி.எஸ்.441524ங்கற மருந்தைக் கொடுத்தாங்க. 25 நீண்ட காலம் பொழைச்சுது. அதுவரைக்கும் அந்த வியாதின்னாலே கிட்டத்தட்ட மரணம்தான். இந்த மருந்தோட நெருங்கின உறவுதான் ரெம்டெசிவிர். 2021ல கீழ்ப்பாக்கத்துல ராத்திரி பகலா வரிசையில நின்னு வாங்கினாங்களே, அதேதான்! ஆனா மருந்து கம்பெனி பூனைக்கு உரிமம் தரல. வளர்த்தவங்க கள்ளச்சந்தையில வாங்கி ஊசி போட்டாங்க. முறையா கிடைக்க பிரிட்டன்ல 2021 வரைக்கும், அமெரிக்காவுல 2024 வரைக்கும் ஆச்சு. சோதனைக்கு மட்டும் பூனை வேணும், வைத்தியத்துக்கு வேண்டாமா? இது எந்த ஊரு நியாயம்?

சரி, தெருவுக்கு வருவோம். சாக்குல கட்டி மார்க்கெட்ல விட்டா என்ன ஆகும்? அங்க இருக்கற பூனைங்களோட எடத்துக்கு சண்டை போடும், கடிக்கும், நாலுக்குப் பரப்பும். பயந்தவங்க பண்ணப்போற காரியமே நோயைப் பரப்பற காரியம். அதுக்கு பதிலா கருத்தடை பண்ணி வீட்டுக்குள்ளயே வைங்க. சண்டை குறையும், கடி குறையும், வைரஸும் அங்கேயே நின்னுடும். செலவு ஒரு தடவைதான்.

உங்க ஊர்ல யாராவது "எய்ட்ஸ் பூனை"ன்னு கிளப்பினா இதைச் சொல்லுங்க மக்கா. சொல்றதுக்குக் காசா பணமா?

டிஸ்கி: பூனை கடிச்சா அலட்சியமா இருக்காதீங்க. எஃப்.ஐ.வி. வராது, ஆனா ரேபிஸ் வரலாம். சோப்புத் தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்குங்க. பயப்படறதா இருந்தா பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படுவோம் :-)