பழுப்பேறிய பிளக் சொல்லும் கணக்கு

ஸ்கூடாயிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கெட்டிலில் தண்ணீர் நன்றாகத்தான் கொதிக்கிறது. ஆனால் பிளக் கையைச் சுடுகிறது, ஒரு கால் பக்கம் பழுப்பேறிவிட்டது. பியூஸ் போகவில்லை, டிரிப் ஆகவில்லை. அப்படியானால் பயமில்லைதானே?"

பயப்பட வேண்டும் அம்மா. ஏன் என்பதை ஐந்தாம் படிவ இயற்பியல் கணக்கே சொல்லிவிடும். எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு 9 வோல்ட் பேட்டரி. அதோடு 1,000 ஓம், 2,000 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கிறோம். மொத்தத் தடை 3,000 ஓம். 9-ஐ 3,000-ஆல் வகுத்தால் 0.003 ஆம்பியர். இந்தத் தொடர் இணைப்பில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மின்னழுத்தம்தான் பங்கு பிரியும். சிறிய தடைக்கு 3 வோல்ட், பெரிய தடைக்கு 6 வோல்ட்.

மல்டிமீட்டரில் இதைச் சரிபார்க்க மூன்று விதிகள் போதும். மின்னழுத்தம் பார்க்க, ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். மின்னோட்டம் பார்க்க, கம்பியை ஓரிடத்தில் பிரித்து, மீட்டரை நடுவில் சேருங்கள். தடை பார்க்க, முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தங்க நிறப் பட்டை கொண்ட ரெசிஸ்டரில் 5 விழுக்காடு வரை கூடக்குறைய வரும். அது உங்கள் தவறு அன்று.

ஓர் எச்சரிக்கை: ஆம்பியரில் வைத்த மீட்டரைச் சுவர் சாக்கெட்டில் நுழைக்கவே கூடாது. அப்போது மீட்டருக்குள் தடை ஏறக்குறைய இல்லை. நேரே ஷார்ட் சர்க்கியூட்தான்.

இனி கெட்டிலுக்கு வருவோம். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 2,300 வாட் கெட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை 23 ஓம். பிளக்கின் காலைச் சாக்கெட்டுக்குள் இருக்கும் தகடு இறுக்கிப் பிடிக்கவில்லை என்று வையுங்கள். அந்த இடத்தில் அரை ஓம் தடை சேர்ந்துகொள்கிறது. மொத்தம் 23.5 ஓம்; மின்னோட்டம் சுமார் 9.8 ஆம்பியர். அரை ஓமில் விழுவது 5 வோல்ட்டுக்கும் குறைவு. கெட்டிலுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 9.8-ஐ 9.8-ஆல் பெருக்கி, அரையால் பெருக்கிப் பாருங்கள்: 48 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளக்குக்குள் ஒளித்து வைத்ததற்குச் சமம்.

பியூஸ் ஏன் போகவில்லை? மின்னோட்டம் கூடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. 13 ஆம்பியர் பியூசுக்கும் எம்.சி.பி.க்கும் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். மின்சாரம் தரைக்குக் கசியவில்லை என்பதால் ஈ.எல்.சி.பி.யும் அசையாது. காவலுக்கு நிற்கும் மூன்றுமே இதைப் பார்க்காது. சூடு ஏற ஏறத் தகடு கறுத்துத் தளரும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். அரை ஓம் ஒரு ஓம் ஆனால் சூடு 90 வாட்டைத் தாண்டிவிடும்.

"ஓம் மீட்டரை வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் காட்டியது" என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. மீட்டரின் வயர்களுக்கே சில பத்தில் ஒரு பங்கு ஓம் தடை உண்டு. மேலும், மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். 10 ஆம்பியர் ஓடும்போது தெரியும் குறை அதில் தெரியாது. இங்கே உங்கள் மூக்கும் கண்ணும்தான் நல்ல மீட்டர்.

ஆகவே வாசகிக்குச் சொல்வது இதுதான். அந்தச் சாக்கெட்டை இன்றோடு நிறுத்துங்கள். பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. தளர்ந்த சாக்கெட் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சாக்கெட் மாற்றும் வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். கெட்டில், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றை நீட்டிப்பு வயரில் சொருகாமல் சுவர் சாக்கெட்டிலேயே சொருகுங்கள். மாதம் ஒருமுறை, கெட்டிலை அணைத்த கையோடு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை இழுக்க வைத்தால், அங்கே அரை ஓம் உட்கார்ந்திருக்கிறது.