நன்றி நாவோடு நிற்பதோ?

உண்பதற்கு முன் இறைவனுக்கு நன்றி கூறுதல் கிறித்தவ இல்லங்களின் நல்வழக்கு. அதனைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. ஆனால், அந்நன்றி நாவில் பிறந்து நாவிலேயே மடியுமாயின், அது நன்றியாகாது. நிறைந்த வயிற்றின் மனநிறைவே ஆகும்.

இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டை இலக்கணக் கண்கொண்டு நோக்குக. அன்றாட உணவை வேண்டுமிடத்தில் தன்மை ஒருமை இல்லை. தன்மைப் பன்மையே உளது. 'எனக்கு' என்றன்று, 'எங்களுக்கு' என்றே கேட்கக் கற்பித்தார். பன்மையில் வேண்டிப் பெற்றதை ஒருமையில் உண்பது எவ்வகை அறம்?

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்க்கு மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை (1826–1889) விடையாக நிற்கிறார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. நிவாரணப் பணியிடத்தில் நாள் முழுதும் உழைப்பவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என 1877இல் ஆட்சியாளர் கணக்கிட்டனர். தமிழின் முதற்புதினமான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தந்த அக்கிறித்தவப் பெருமகனாரோ, கணக்குப் பாராது தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வள்ளன்மையைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். சோறு சென்ற வழியில் சமய வேலி குறுக்கே நிற்கவில்லை.

"அது பழங்கதை, இன்று நம்மிடையே பசியில்லை" என்பார் சிலர். 2021ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் இந்நாட்டு வீடுகளில் ஏறிய வெள்ளைக்கொடிகளை அதற்குள் மறந்தனரோ? நடமாட்டக் கட்டுப்பாட்டால் வருவாய் இழந்தோர், வாய்திறந்து கேட்க நாணித் துணியைத் தொங்கவிட்டனர். அண்டை அயலார் இனம் பாராது அரிசி சுமந்து சென்றனர். கொடி ஏற்றாதீர், இறைவனை வேண்டுவீர் என அறிவுரை பகர்ந்தாரும் உளர். வேண்டுதலுக்கு விடையாக இறைவன் அனுப்புவது அடுத்த வீட்டுக்காரனையே என்பதை அவர் எண்ணிலர்.

புக்கிட் பெருவாங்கில் பல்லூடகப் பல்கலைக்கழகத்தைச் சூழ உணவகங்கள் பல உள. உணவு விற்கும் இடம் மிகுந்தமையால் பசி ஒழிந்ததென்று கொள்ளலாமோ? வாங்கக் காசில்லாதவனுக்கு உணவகத்தின் மணமும் ஒரு தண்டனையே.

ஆசிரியப் பெருமக்களே! முதற்பாடவேளையிலேயே மேசைமேல் தலைசாய்க்கும் மாணவனைச் சோம்பேறி என ஏசுமுன், "காலையில் என்ன உண்டாய்?" எனத் தனியே வினவுங்கள். அரசின் துணை உணவுத் திட்டத்தில் அவன் பெயரைப் பிறர் அறிந்து நகையாவண்ணம் சேருங்கள். அரிசிப்பை பெறும் சிறுவனை மேடையேற்றிப் படம் பிடிப்பது ஈகையன்று. அவன் மானத்தை விலையாகக் கேட்கும் வாணிகம்.

மாணவச் செல்வங்களே! பக்கத்து இருக்கையில் உணவுப் பொட்டலம் இல்லையெனில், உம் பொட்டலத்தை இருவர்க்குமாய் விரியுங்கள். நன்றியைப் பன்மையில் கூறக் கற்றவர், உணவையும் பன்மையில் உண்ணக் கற்க வேண்டும்.