பட்டாசு வியாபாரமும் நாணயமும்

ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கன்று சிவகாசிக் கடைகளில் பூஜை போட்டுத் தீபாவளி விற்பனையைத் தொடங்குவது வழக்கம். அன்று முதலே கைப்பேசிகளுக்குள்ளும் பட்டாசு விளம்பரங்கள் புகுந்துவிடுகின்றன. “தொழிற்சாலை விலை”, “நூற்றுக்கு 80 தள்ளுபடி”, “தமிழ்நாடெங்கும் அனுப்பப்படும்” என்று அவை அழைக்கின்றன. வாங்க விரும்புகிறவர் ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதுகிறார், விலைப் பட்டியல் வருகிறது, பணத்தை அனுப்புகிறார். சிலருக்குப் பெட்டி வந்து சேருகிறது. வேறு சிலருக்கோ பெட்டியும் வருவதில்லை, எண்ணும் பேசுவதில்லை, இணையப் பக்கமும் மறைந்துவிடுகிறது. தீபாவளிக் காலத்தில் தமிழ்நாட்டு இணையக் குற்றத் தடுப்புப் போலீஸார் இம்மோசடியைக் குறித்து ஜனங்களை எச்சரித்து வருகின்றனர். ஆயினும் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்காகப் போலீஸுக்குப் போவானேன் என்று ஏமாந்தவர் வாயை மூடிக்கொள்ள, வஞ்சகன் மறு ஆண்டும் வேறு பெயரில் கடை விரிக்கிறான்.

இணையத்தின் வழியே வரும் வியாபாரத்தில் எது மெய், எது பொய் என்று அறிவது எங்ஙனம் என்பதே இன்று பலரும் கேட்கும் கேள்வி. இதற்கு விடையாகச் சில சோதனைகளைச் சொல்லுவார் உண்டு. விலாசம் இருக்கிறதா என்று பார் என்கின்றனர். விருதுநகர் சாலையிலோ சாத்தூர் சாலையிலோ உள்ள ஏதேனும் ஒரு கடையின் விலாசத்தை எவனும் எழுதிக்கொள்ளலாம். லைசென்ஸ் எண்ணைப் பார் என்கின்றனர். ஊரறிந்த கடையின் சுவரில் தொங்கும் எண்ணைப் படம் பிடித்துப் போடுவதற்கு அரை நிமிஷம் போதும். கடையின் பெயரைப் பார் என்கின்றனர். பேர்பெற்ற பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் பாமரர் கண்டுபிடிக்கப் போவதில்லை. மிக மலிவாயிருந்தால் சந்தேகி என்கின்றனர். முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்டால் விலகு என்கின்றனர். இவ்விரண்டும் நல்ல சோதனைகளே. ஆனால் பட்டாசு விஷயத்தில் இவையும் பயன்படுவதில்லை. ஏனெனில் நேர்மையான வியாபாரிகள் பலரும் நூற்றுக்கு 80 தள்ளுபடி என்றே விளம்பரம் செய்கின்றனர். அவர்களும் முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்குகின்றனர். அவர்களுடைய வியாபாரமும் ஒரு வாட்ஸ்அப் எண்ணிலேயே நடக்கிறது.

கள்ளன் மெய்யனைப் போல வேஷம் போடுவது உலக இயல்பு. மெய்யனே கள்ளன் உடையை உடுத்துத் தெருவில் நின்றால், பார்ப்பவன் எதைக் கொண்டு பிரித்தறிவான்? பட்டாசு மோசடி செழித்து வளர்வதற்கு முதற் காரணம் வாங்குவோரின் அறியாமையன்று. விற்போரின் வழக்கமே என்பது நமது துணிபு. சிவகாசி வியாபாரிகளுக்கு இது கசப்பாயிருக்கலாம். எனினும் அத்தொழிலின் க்ஷேமத்தைக் கருதியே இதைச் சொல்லுகிறோம்.

முதலாவது, சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த உத்தரவில், இணைய வியாபார ஸ்தாபனங்கள் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று கூறப்பட்டது. லைசென்ஸ் பெற்ற வியாபாரிகள் மூலமே விற்பனை நடக்க வேண்டும் என்பது அவ்வுத்தரவின் கருத்து. 2008-ஆம் ஆண்டு வெடிமருந்து விதிகளின்படி லைசென்ஸ் என்பது குறிப்பிட்ட கட்டடத்துக்கும், குறிப்பிட்ட அளவு சரக்குக்குமே வழங்கப்படுகிறது. தபாலில் பட்டாசு அனுப்ப இடமில்லை. ரயிலில் கொண்டுசெல்வதும் குற்றம். இந்நிலையில் இணையப் பக்கம் வைத்த வியாபாரிகள் என்ன செய்தனர்? “விற்பனை” என்ற சொல்லை எடுத்துவிட்டு “மதிப்பீடு” என்ற சொல்லைப் போட்டனர். வாங்குவோன் சாமான்களைக் குறிக்கிறான், மதிப்பீடு வருகிறது, பணம் வேறு வழியில் போகிறது, சரக்கு லாரியில் ஏறுகிறது. சொல் மாறிற்று, காரியம் மாறவில்லை. இப்படி அரையிருளில் நடக்கும் வியாபாரத்தில் ஏமாந்தவன் எந்தச் சீட்டைக் காட்டி நியாயம் கேட்பான்? தானும் தடையை மீறியவனோ என்று அஞ்சி அவன் ஒதுங்குகிறான். வஞ்சகனுக்கு இதைவிடப் பெரிய அரண் வேண்டுமா?

இரண்டாவது, விலை. நூறு ரூபாய்க்கு விற்கக் கருதிய சரக்கின் மேல் ஐந்நூறு ரூபாய் என்று எழுதி, நூற்றுக்கு 80 தள்ளுபடி என்று முழங்குவதில் என்ன பெருமை இருக்கிறது? அந்த ஐந்நூறு ரூபாய் எவரும் கொடுத்த விலையன்று. எவரும் கொடுப்பார் என்று எதிர்பார்த்த விலையுமன்று. விலையைப் பற்றி ஜனங்களை மயக்குவது நியாயமற்ற வியாபார முறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் கிடக்கட்டும், இதன் விளைவை நோக்குங்கள். எது அசாத்தியமான மலிவு என்று கண்டறியும் சக்தியையே இவ்வழக்கம் ஜனங்களிடமிருந்து பறித்துவிட்டது. நல்ல கடைக்காரர் 80 என்று சொன்னால், வஞ்சகன் 90 என்கிறான். இவ்விரண்டுக்கும் பேதம் காண யாரால் முடியும்?

இதற்கு வியாபாரிகள் தரப்பில் ஒரு சமாதானம் உண்டு. சிறு கடைக்காரன் தரகனின் தயவின்றி நேரே வாங்குவோனை அடைவதற்கு இணையமே வழி. அதை அடைத்தால் பெரிய முதலாளிகளே பிழைப்பர் என்கின்றனர். இவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அப்படியாயின் அதைக் கோர்ட்டில் வெளிப்படையாகச் சொல்லி, தக்க விதிகளுடன் அனுமதி கோர வேண்டும். தடை இருக்கும் வரையில் அதற்குக் கட்டுப்பட வேண்டும். புறவாசலால் வியாபாரம் செய்துகொண்டே, அதே வாசலால் திருடன் நுழைந்தான் என்று குறைகூறுவது பொருந்தாது.

சிவகாசியின் பெயர் எளிதில் வந்ததன்று. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். ஸ்வீடன் தேசத்துத் தீக்குச்சி நம் வீடுகளில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. மழை பொய்க்கும் கரிசற் காட்டில் சுதேசிக் கைத்தொழில் வேரூன்றியது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதி இன்று விருதுநகர் ஜில்லாவிலேயே செய்யப்படுகிறது. வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் உயிரைப் பணயம் வைத்து மருந்து செலுத்தும் ஆணும் பெண்ணும் அப்பெயரின் நிழலிலேயே கஞ்சி குடிக்கின்றனர். ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை “சிவகாசி” என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்புவான். மோசக்காரன் கொண்டுபோவது ஒருவன் பணம் மாத்திரமன்று. அந்தத் தொழிலாளியின் நாளைக் கூலியில் ஒரு பங்கும் அவனோடு போகிறது.

பரிகாரம் கைக்கெட்டாததன்று. 1906-ல் சென்னையில் அர்பத்நட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கானோர் சேமிப்பு அழிந்தபோது, நம்மவர் புலம்பியதோடு நிற்கவில்லை. மறு ஆண்டே இந்தியன் வங்கியை நிறுவினர். விருதுநகர் வியாபாரிகளோ மகமை வசூலித்துப் பள்ளிக்கூடம் நடத்திக் காட்டியவர்கள். பொதுக் காரியத்துக்காகத் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்வது அந்நாட்டுக்குப் புதிதன்று. இன்று அவர்கள் செய்ய வேண்டியவை மூன்று. லைசென்ஸ் பெற்ற கடைகளின் முழு ஜாபிதாவை, ஜில்லா அதிகாரிகளின் ஒப்புதலோடு, வியாபாரிகள் சங்கம் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் பிரசுரிக்க வேண்டும். பொய்த் தள்ளுபடியை ஒழித்து, கொடுக்கும் விலையையே பெட்டியில் அச்சிட வேண்டும். தடை நீங்கும் வரையில் இணையத்தில் முன்பணம் வாங்குவதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். அப்பொழுது முன்பணம் கேட்பவன் எவனும் மோசக்காரன் என்று குழந்தையும் அறியும். சர்க்காரும் எச்சரிக்கை விடுவதோடு அமையாமல், காசு வாங்கிக்கொண்டு எவன் விளம்பரத்தையும் ஊரெங்கும் பரப்பும் சமூக வலைத்தளக் கம்பெனிகளைப் பொறுப்பாக்க வேண்டும்.

அதுவரையில் ஜனங்கள் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: பட்டாசுக்காகக் கைப்பேசியில் பணம் அனுப்பாதீர்கள், உங்கள் ஊரிலுள்ள லைசென்ஸ் கடையில் சரக்கைக் கண்ணால் கண்டு, ரசீது பெற்று வாங்குங்கள். ஏமாந்துவிட்டாலோ வெட்கப்பட வேண்டாம். தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். முறையீடு முந்தினால் பணம் கைமாறுமுன் தடுக்கப்படக்கூடும், மற்றவரும் தப்பலாம். கிராமந்தோறும் இதை எடுத்துச் சொல்வது தேசத் தொண்டர்களின் கடமை. சுதேசிப் பொருளை வாங்குங்கள் என்று ஜனங்களிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு; அப்பொருளை நாணயமாக விற்கும்படி வியாபாரிகளைக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.